ரூபாய்க்கு ஒரு அணா: ஒரு சேலம் வக்கீல் கொண்டுவந்த இரண்டு சட்டங்கள்



மலரில் வரலாற்றுக்கு ஒரு கட்டுரை வேணும், அதை வெள்ளக்கடை ஊராட்சிக் கூட்டமைப்பு எழுதித் தரணும் என்று முடிவாச்சு. சேர்வராயன் கோயிலைப் பற்றியும், காக்பர்ன் துரை காப்பிச் செடி கொண்டுவந்ததைப் பற்றியும் எழுதாத ஆளில்லை. அதனால் நான் வேற ஒருத்தரை எடுத்துக்கிட்டேன். அவர் நம்ம மலைக்காரர் இல்லை. கீழே சேலம் கோர்ட்டில் வக்கீலாக இருந்தவர். பின்னால் சட்டமன்றத்துக்குப் போய் மாகாணத்தையே ஆண்டார். ராஜாஜி என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். முழுப்பேர் சக்ரவர்த்தி ராஜகோபாலாச்சாரி.

அவரைப் பற்றிப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தது கவர்னர் ஜெனரல் ஆனார், வேதாரண்யத்தில் உப்பு எடுத்தார், ராமாயணம் எழுதினார் என்பதுதான். நமக்கு வேண்டியது அதில் இல்லை. நம்ம குழுக் கூட்டங்களில் வாராவாரம் பேச்சுக்கு வருவது ரெண்டே சங்கதி. ஒண்ணு சாராயம், இன்னொண்ணு வட்டி. இந்த ரெண்டுக்கும் ஒரே நேரத்தில் சட்டம் போட்ட ஆள் அவர். அதுவும் முதலில் நம்ம சேலம் மாவட்டத்தில். அதை மட்டும் எழுதப் போறேன்.

அவர் பிறந்தது 1878 டிசம்பர் 10, ஓசூர் பக்கம் தொரப்பள்ளி. அன்றைக்கு ஓசூரும் சேலம் மாவட்டம்தான். இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கும் சேர்ந்த பெரிய மாவட்டத்தை மனசில் வச்சுக்கோங்க, இல்லாட்டி பின்னால் சொல்வது விளங்காது. அப்பா கிராம முன்சீப். பையன் ஓசூர், பெங்களூர், மதராஸ் என்று படித்து, 1900இல் சேலத்தில் வக்கீல் தொழில் ஆரம்பித்தார். நன்றாகச் சம்பாதித்தார். 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானார், ரெண்டு வருஷம் இருந்தார். 1919இல் மதராஸுக்குக் குடிபோய், காந்தியோடு சேர்ந்து, கோர்ட்டைப் பகிஷ்காரம் பண்ணணும் என்று வந்தபோது தொழிலையே விட்டுட்டார்.

சேலத்துக்கும் வக்கீல்களுக்கும் ஒரு ராசி இருக்கும்போல. அவருக்கு முன்னாடியே சேலம் விஜயராகவாச்சாரியார் என்ற வக்கீல் மதராஸ் சட்டசபையில் உட்கார்ந்தவர். 1882 சேலம் கலகத்தில் பொய்யாய் மாட்டிவிடப்பட்டு, தண்டனையும் விதிக்கப்பட்டு, ஹைகோர்ட்டில் போராடி விடுதலையானார். திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன் டாக்டர் சுப்பராயனும் வக்கீலுக்குப் படித்தவர்தான். 1926 முதல் 1930 வரை மாகாணத்தின் பிரதம மந்திரி. ஒரே மாவட்டத்திலிருந்து இப்படி மூணு பேர். மலையிலிருந்து ஒருத்தரும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லணும்.

சேலம் கோர்ட்டில் ஏறக்குறைய 20 வருஷம் வழக்காடினவர் கடன் பத்திர வழக்கைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆனால் கோர்ட்டில் கடன் காகிதமாகத்தான் வரும். அது வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்பதை அவர் கிட்டத்தில் பார்த்தது தொழிலை விட்ட பிறகு என்று நினைக்கிறேன். 1925 பிப்ரவரியில் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, பிள்ளைகளோடு அங்கேயே குடிசையில் குடியிருந்தார். வானம் பார்த்த பூமி, மழை பொய்த்துக்கிட்டு இருந்த சமயம். சுற்று ஊர்ப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து, அவர்கள் நூற்றுக் கொண்டுவந்த நூலை எடைபோட்டுக் கூலி கொடுப்பதுதான் ஆசிரமத்தின் முக்கிய வேலை. பெண் கையில் தனியாக நாலு காசு. அந்தக் காசு சாயங்காலம் புருஷன் வழியாகக் கள்ளுக்கடைக்குப் போவதையும் அவர் அங்கேதான் பார்த்திருப்பார். ஏன்னா அடுத்து அவர் செய்தது குடிக்கு எதிராக ஒரு மாதப் பத்திரிகை. பேர் 'விமோசனம்'. கல்கி கிருஷ்ணமூர்த்தி அங்கே வந்து அதில் வேலை பார்த்தார். குடியின் கேட்டைப் பற்றியே கதை, பாட்டு, படம் எல்லாம் போட்டு நடத்தினார்கள்.

இப்ப 1937க்கு வருவோம். புதுச் சட்டப்படி மாகாணங்களில் தேர்தல் நடந்தது. மதராஸில் 215 இடத்தில் காங்கிரஸ் 159 பிடித்தது. ஜூலை 14 அன்று ராஜாஜி பிரதம மந்திரியானார், அப்ப முதலமைச்சரை அப்படித்தான் சொல்வாங்க. வயது 58. நிதித் துறையையும் அவரே வச்சுக்கிட்டார்.

அந்த ஓட்டு எல்லாருக்குமான ஓட்டு இல்லை. சொத்து, வரி, படிப்பு இதெல்லாம் பார்த்துத்தான் ஓட்டுரிமை. எஸ்டேட்டில் காப்பி பறித்த நம்ம பாட்டிமார் கையில் ஓட்டு இல்லை. ராஜாஜியும் ஊர்ச் ஜனங்கள் ஓட்டுப் போட்டு வரவில்லை. பட்டதாரிகள் மட்டும் ஓட்டுப் போடும் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்துதான் சட்டமன்றத்துக்கு வந்தார். அதே சட்டமன்றத்தில் ருக்மிணி லட்சுமிபதி துணை சபாநாயகராக உட்கார்ந்தார், கடலூர் அஞ்சலையம்மாள் உறுப்பினராக இருந்தார். பெண்கள் இல்லவே இல்லை என்று யாரும் நினைச்சுக்க வேண்டாம்.

பதவிக்கு வந்து மூணு மாசம்கூட ஆகவில்லை. மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்து, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாவற்றையும் மூடினார்கள். ஏன் சேலம்? சொந்த மாவட்டம், ஆசிரமத்தில் பத்து வருஷம் இருந்து பழகிய ஜனங்கள். ஒரு இடத்தில் செய்து பார்த்துவிட்டு அப்புறம் மற்ற மாவட்டத்துக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டார். 1938இல் சித்தூரும் கடப்பையும், 1939இல் வட ஆர்க்காடும் சேர்ந்தன.

கடையை மூடுவதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது, இன்றைக்கும் அதுதான் இருக்கு. அரசாங்கக் கஜானா. மாகாண வருமானத்தில் கால் பங்கு போல மது வகையில்தான் வந்துக்கிட்டு இருந்தது. அதை விட்டால் பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் எங்கே போவது? பணம் இல்லை, அதனால் கடை வேணும் என்று சொல்வது சுலபம். அவர் வேற வழி தேடினார். 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். எல்லாப் பொருளுக்கும் சேர்த்து விற்பனை வரி என்பது இந்தியாவிலேயே அதுதான் முதல். பெரிய வியாபாரிக்கு விற்றுமுதலில் நூற்றுக்கு அரை ரூபாய். வருஷத்துக்கு 10,000 ரூபாய்க்குள் வியாபாரம் பண்ணும் சின்னக் கடைக்கு வரி கிடையாது. வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். இன்றைக்கு நம்ம மிளகுப் பொடிப் பாக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. பற்றி யோசிக்கிறோமே, அந்த வரியின் பாட்டன் மதுக்கடையை மூடுவதற்காகப் பிறந்தது. இதைப் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூடினதும் எல்லாம் சரியாயிருச்சா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். மரம் ஏறி கள் இறக்கிப் பிழைத்த குடும்பங்களுக்குப் பிழைப்பு போச்சு. பதநீர் இறக்கலாம், வெல்லம் காய்ச்சலாம் என்றார்கள், அது எல்லாருக்கும் போதவில்லை. திருட்டுச் சாராயம் காய்ச்சுவது எந்தச் சட்டத்துக்கும் முழுசாகப் பயப்பட்டதில்லை, மலைக்காட்டில் கேட்கவே வேண்டாம். ஆனால் சம்பள நாளில் வழியில் நிற்கும் கடை ஒன்று இல்லாமல் போனால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பதை எந்த அறிக்கையும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்க அம்மாயி அந்தக் காலத்தைப் பற்றிச் சொன்னது ஒரே வார்த்தைதான். சந்தையன்னிக்குப் பை நிறைய வந்துச்சு என்பாள்.

ரெண்டாவது சட்டத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1930 வாக்கில் உலகம் முழுக்க விலைவாசி விழுந்தது. நெல், கடலை, பருத்தி எல்லாம் விலை குறைஞ்சு போச்சு. ஆனால் கடன் குறையவில்லை. நூறு ரூபாய் கடன் நூறு ரூபாயாகவே நின்னது, அதைக் கட்டுவதற்கு முன்னைவிட ரெண்டு பங்கு தானியம் விற்கணும். வட்டி ஏறிக்கிட்டே போகுது. இந்த நிலைமையில் 1938 மார்ச்சில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. அந்த வருஷத்து 4ஆம் எண் சட்டம்.

அதில் உள்ளதை நம்ம குழுக் கணக்கு மாதிரி சொல்றேன். 1932 அக்டோபர் 1க்கு முன்னால் வாங்கிய பழைய கடன் என்றால், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி பூராவும் தள்ளுபடி. அசலில் பாக்கி மட்டும் கட்டினால் போதும். அதுக்கும் மேலே ஒண்ணு. வாங்கிய அசலைப் போல ரெண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால், அது வட்டி என்று கட்டினதோ அசல் என்று கட்டினதோ, மொத்தக் கடனும் தீர்ந்தது.

ஒரு உதாரணம் போட்டுப் பாருங்க. 1928இல் ஒருத்தர் 100 ரூபாய் வாங்குறார். மாசம் நூற்றுக்கு ரெண்டு வட்டி, வருஷத்துக்கு 24. ஒம்பது வருஷம் வட்டி மட்டும் கட்டியிருக்கார், 216 ரூபாய். அசல் 100 அப்படியே நிக்குது. பழைய கணக்கில் அவர் இன்னும் கடன்காரர். புதுச் சட்டத்தில் 200க்கு மேல் கட்டிட்டதால் அவர் ஒரு காசும் தர வேண்டாம். மீட்டர் வட்டி வாங்கி மாட்டிக்கிட்ட யாரிடமாவது இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்க, முகம் எப்படி மாறுது என்று தெரியும்.

1932 அக்டோபருக்குப் பின்னால் வாங்கிய கடனுக்கு, சட்டம் வந்த நாள் வரை வருஷத்துக்கு நூற்றுக்கு 5 ரூபாய் தனி வட்டி என்று திரும்பக் கணக்குப் பார்க்கணும். சட்டம் வந்த பிறகு வாங்கும் கடனுக்கு 6¼ வட்டிக்கு மேல் கூடாது. இந்த ஆறேகால் என்ன கணக்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் அணாவில் போட்டுப் பார்த்தேன். ரூபாய்க்கு 16 அணா. ஆறேகால் வட்டி என்றால் ரூபாய்க்கு வருஷத்துக்கு ஒரு அணா. அணாவுக்கு 12 பைசா, அதாவது பழைய பைசா. அப்போ ரூபாய்க்கு மாசம் ஒரு பைசா. சட்டத்திலேயே இப்படி விளக்கம் இருக்கு. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளைகூட விரல் விட்டு எண்ணி, இவன் கேட்பது அதிகம் என்று சொல்லிடலாம். கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீலின் தந்திரத்தைப் பார்த்துப் பழகினவர் சட்டம் எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் எழுதுவார் என்று நினைக்கிறேன். கடனுக்கு ஏற்கெனவே கோர்ட்டில் தீர்ப்பு ஆகியிருந்தாலும் மனுப் போட்டுத் திருத்திக்கலாம் என்றும் ஒரு பிரிவு வச்சாங்க. தப்பிக்கிற சந்தை அடைக்கும் வேலை அது.

இன்னொரு பிரிவு இருக்கு. ஊர்களில் விதவைப் பெண்கள் நகையை விற்ற பணத்தையோ, புருஷன் விட்டுப்போன சின்னத் தொகையையோ பக்கத்தில் யாருக்காவது வட்டிக்கு விட்டு, அதில் கஞ்சி குடிப்பது அப்ப வழக்கம். எல்லாக் கடனையும் ஒரே வெட்டாக வெட்டினால் இவர்கள் வயிற்றில் அடிக்கும். அதனால் வேறு சொத்து எதுவும் இல்லாத பெண்ணுக்கு வர வேண்டிய கடன், ஒரு வரம்புக்குள் இருந்தால், அதுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்குக் கொடுத்தார்கள். கடன் கொடுத்தவன் எல்லாம் லேவாதேவிக்காரன் இல்லை என்று தெரிஞ்ச ஆள்தான் இப்படி யோசிக்க முடியும்.

இந்த அளவுக்கு யோசித்த சட்டம் யாரை வெளியே விட்டது தெரியுமா? பேரிலேயே இருக்கு, விவசாயிகள். நிலத்தில் ஏதாவது ஒரு உரிமை இருந்தால்தான் சட்டப்படி விவசாயி. நம்ம மலையில் பட்டா இருந்த மலையாளிக் குடும்பம் உள்ளே வரலாம். எஸ்டேட் லைனில் குடியிருந்து கூலி வேலை பார்த்தவர்களுக்குச் சொந்தமாக நிலம் ஏது? கங்காணியிடம் முன்பணம், மளிகைக் கடையில் நோட்டு. இந்தக் கடன்களை அந்தச் சட்டம் தொடவில்லை. பட்டா இருந்தவர்களுக்கும் கோர்ட்டு கீழே சேலத்தில். மனுப் போட மலை இறங்கணும், வக்கீல் பிடிக்கணும், ரெண்டு நாள் கூலி போகும். சட்டத்தைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. காப்பி பூக்கும்போதே பறிப்பை அடமானம் வச்சு வீட்டுச் செலவுக்கு வாங்குவதை எங்க அம்மா காலத்திலும் நான் பார்த்திருக்கேன். அந்தக் கடன் எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஏறாது.

மதுவிலக்குத் தொடங்கிய நாளும், பழைய வட்டியைத் தள்ளுபடி செய்ய வச்ச நாளும் ஒண்ணுதான், 1937 அக்டோபர் 1. அதைத் தெரிஞ்சேதான் வச்சாரா என்று சொல்ல முடியாது. ஆனால் குடியும் கடனும் ஒரே வீட்டுக் கதவு வழியாக உள்ளே வரும் என்று புதுப்பாளையத்தில் இருந்தவருக்குத் தெரியாமல் இருக்காது.

இவரை முழுசாகப் புகழ்ந்து எழுதிட்டுப் போனால் படிக்கிறவங்க சும்மா விடமாட்டாங்க. அதே 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயம் ஆக்கினார். எதிர்த்து மறியல் செய்தவர்களை ஜெயிலில் போட்டார். டாக்டர் தருமாம்பாள், மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள், பெண்கள் கைக்குழந்தையோடு சிறைக்குப் போனார்கள். சாராயக்கடையை மூடிப் பெண்களின் வயிற்றில் பால் வார்த்த அதே கை. 1952இல் மறுபடி முதலமைச்சரானார், அப்பவும் மேலவைக்கு நியமன உறுப்பினராகத்தான் வந்தார். 1953இல் கிராமப் பள்ளிக்கூடத்தை மூணு மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரம் பிள்ளை அப்பன் தொழிலைக் கத்துக்கட்டும் என்றார். குலக்கல்வி என்று பேர் வந்தது. அப்பன் தொழில் காப்பி பறிப்பது என்றால் பிள்ளை என்ன ஆகும்? பெண் பிள்ளை என்றால் அடுப்படி. எதிர்ப்புத் தாங்காமல் 1954இல் அவர் விலக, காமராஜர் வந்து அந்தத் திட்டத்தை எடுத்தார். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா என்பதே சந்தேகம். நல்லதைக் கேட்காமலே செய்தார், கெட்டதையும் கேட்காமலே செய்தார். ஜனங்களிடம் கேட்கும் பழக்கம் அவரிடம் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

அவருடைய முதல் ஆட்சி ரெண்டே கால் வருஷம்தான். 1939இல் இந்தியாவைக் கேட்காமல் வெள்ளைக்காரர்கள் யுத்தத்தில் சேர்த்ததால் காங்கிரஸ் மந்திரிகள் ராஜினாமா செய்தார்கள். அடுத்து கவர்னர் ஆட்சி, யுத்தச் செலவு. மதுவிலக்கை நிறுத்தி வைத்தார்கள். சுதந்திரம் வந்து ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மறுபடி மதுவிலக்கு. 1971 ஆகஸ்டில் அது தள்ளி வைக்கப்பட்டபோது ராஜாஜிக்கு 92 வயது. முதலமைச்சர் கலைஞரை நேரில் போய்ப் பார்த்து, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நடக்கவில்லை. அடுத்த வருஷம் டிசம்பர் 25இல் இறந்துபோனார். அதுக்கப்புறம் மூடுவதும் திறப்பதுமாகப் போய், 2003 முதல் சில்லறைக் கடையையும் டாஸ்மாக் மூலம் அரசாங்கமே நடத்துது. நிதி எங்கிருந்து வரும் என்ற 1937ஆம் வருஷத்துக் கேள்வி அப்படியே இருக்கு.

வட்டிக்கும் பின்னால் சட்டங்கள் வந்தன. 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம். 2025இல், கடன் வசூலிக்க வீட்டு வாசலில் வந்து மிரட்டுவதைத் தடுக்க ஒரு சட்டம். மைக்ரோ பைனான்ஸ் தவணை நாளில் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்த அக்காமார் இந்தச் சட்டத்தைத் தெரிஞ்சு வச்சுக்கணும். சட்டம் செய்யும் அந்தச் சபையில் இப்ப நமக்கும் ஆள் உண்டு. ஏற்காடு பழங்குடியினர் தனித்தொகுதி. 2013 டிசம்பர் இடைத்தேர்தலில் சரோஜா என்ற பெண்மணியைத் தேர்ந்தெடுத்து அனுப்பினோம். 1937இல் ஓட்டில்லாத மலை இது.

குழுக்களின் கதையும் இதே பழைய சேலம் மாவட்டத்தில்தான் ஆரம்பிக்குது. 1989இல் தருமபுரியில் முதல் சுய உதவிக் குழுக்கள், ரெண்டு மூணு வருஷத்தில் சேலத்துக்கு வந்தது. இன்றைக்கு வங்கி இணைப்பில் நமக்கு 3 லட்சம் வரை வருஷத்துக்கு 7 வட்டி. அணாக் கணக்கில் பார்த்தால் ரூபாய்க்கு ஒரு அணாவுக்குக் கொஞ்சம் மேலே. குழுவுக்குள் நாம் கொடுத்து வாங்கும் கடனுக்கு மாசம் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றாலும் வருஷத்துக்கு 12. அந்த ஒரு அணாவைப் போல ரெண்டு பங்கு. அந்த வட்டி நம்ம குழுவுக்கே திரும்பி வருது, அது வேற விஷயம். இருந்தாலும் அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தரம் பேசிப் பார்க்கலாம்.

புதுப்பாளையம் காந்தி ஆசிரமம் இன்றும் இருக்கு, கதர் வேலையும் நடக்குது. காப்பிப் பறிப்பு முடிந்ததும் ஒரு நாள் வேன் பிடித்துப் போய் வரலாம் என்று பேசியிருக்கோம். வர விருப்பம் உள்ளவங்க உங்க குழு ஊக்குநரிடம் பேர் கொடுங்க. சாப்பாடு கட்டிக்கிட்டு வரணும்.